விழுந்த எண்ணும் சொன்ன எண்ணும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "நீ அவன் நல்லதுக்குத்தானே பண்ணினே" என்று இன்னும் ஒரே ஒருவர் என்னிடம் வந்து சொன்னாலும், அவர் கையில் இருக்கும் காபியைப் பிடுங்கி வாஷ்பேசினில் ஊற்றிவிடுவேன். நல்லதுக்குத்தான் செய்தேன் என்று எனக்கும் தெரியும். அதை வைத்துக்கொண்டு இப்போது நான் என்ன செய்ய?

என் பெயர் தாரணி. அடையாறில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். இயந்திரம் சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு என்று காட்டினால் தாளிலும் முந்நூற்றுப் பன்னிரண்டுதான். "கொஞ்சம் குறைச்சுப் போட்டுக் குடும்மா, வீட்டுல பார்த்தா ஸ்வீட்டைக் கண்ணுலயே காட்ட மாட்டா" என்று கெஞ்சிய ஒரு பெரியவரை நான் பேசிய பேச்சில், அவர் அடுத்த தடவை வேறு இடத்துக்குப் போய்விட்டார். அப்படிப்பட்டவள்தான் வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணியிலிருந்து ஏழு மணி வரை, என் தம்பியிடம் வாய் கூசாமல் பொய் எண் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினான்கு மாதம்.

தம்பி சிதம்பரநாதன். வீட்டில் நாதன். வயது இருபத்தாறு. மேற்கு மாம்பலத்தில் அம்மாவோடு இருக்கிறான். நான் மந்தைவெளியில் தனியாக, வாடகைக்கு. அப்பா தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையில் முப்பது வருஷம் பட்டுப் பிரிவில் நின்றே காலம் தள்ளியவர். மூன்று வருஷத்துக்கு முன் ஓர் ஏப்ரலில் மூச்சுத் திணறல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாதன் அப்போது திருச்சியில் புள்ளியியல் எம்.எஸ்சி. கடைசிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். பரீட்சை எழுதுகிற பிள்ளையிடம் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லக் கூடாது என்பது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. ஊரில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். "அப்பாவுக்கு லேசா காய்ச்சல்டா, நீ படி" என்று ஒன்பது நாள் போனில் சொன்னது நான். அவர் போன பிறகு, "கொஞ்சம் சீரியஸா இருக்கு, கிளம்பி வா" என்று சொன்னதும் நான்தான். தெருமுனை திரும்பி, எங்கள் வாசலில் போட்டிருந்த பந்தலையும் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் பார்த்துத்தான் அவன் விஷயத்தைத் தெரிந்துகொண்டான். கையில் அப்பாவுக்கென்று ஒரு சீப்பு மலைப்பழம் வைத்திருந்தான்.

அந்தப் பரீட்சையில் அவனுக்கு முதல் வகுப்பு. சான்றிதழை இன்று வரை போய் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவன் அறையை விட்டு வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். சாப்பாட்டுத் தட்டை அம்மா வாசலில் வைத்துவிட்டுப் போனால், சில நாள் காலியாகும், பல நாள் அப்படியே இருக்கும். நடுவில் ஒரு மார்கழியில் நடந்ததை எங்கள் வீட்டில் யாரும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். கிளம்பும்போது டாக்டர் அம்மாவையும் என்னையும் உட்கார வைத்து, வாரத்துக்கு ஒரு தடவையாவது அவனாக வீட்டை விட்டு வெளியே வர ஒரு காரணம் வேண்டும் என்றார். அது எதுவானாலும் சரி, கிடைத்தால் அதை மட்டும் கைநழுவ விட்டுவிடாதீர்கள் என்றார்.

அந்தக் காரணம்தான் இந்த ஆட்டம். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் மந்தைவெளி வீட்டில் மேஜையைச் சுற்றி நாலு பேர் உட்காருவோம். ஒருத்தி கதையை நடத்துவாள், அது நான். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இறங்குவார்கள். "கோட்டைக் கதவைத் தள்ளிப் பார்க்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், கதவு திறக்குமா திறக்காதா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை முடிவு செய்யும். பெரிய எண் விழுந்தால் நடக்கும், சின்ன எண் விழுந்தால் நடக்காது. எதிரில் வருகிற மிருகங்களுக்கும் எதிரிகளுக்கும் நான் உருட்டுவேன். எனக்குப் பெரிய எண் விழுந்தால் அவர்களுக்கு அடி. இருபதே விழுந்தால் இரட்டை அடி. இவ்வளவுதான் விஷயம், இதற்குப் போய் நாலு மணி நேரமா என்று அம்மா கேட்பாள். நாலு மணி நேரம் போதாது.

இதை நாதனுக்குப் பிடிக்க வைத்தவன் லாரன்ஸ். சைதாப்பேட்டையில் பைக் மெக்கானிக். நாதனோடு பள்ளியில் படித்தவன், இரண்டு வருஷமும் வாராவாரம் வந்து அந்த அறைக் கதவைத் தட்டிய ஒரே ஆள். ஏதோ ஒரு கடையில் இந்த ஆட்டத்தை ஆடிப் பார்த்துவிட்டு வந்து, மூடிய கதவுக்கு வெளியே நின்றபடியே ஒரு மணி நேரம் கதையாக அளந்திருக்கிறான். உள்ளேயிருந்து, "அந்த டைஸ்ல இருபதுக்கும் ஒண்ணுக்கும் ஒரே சான்ஸா?" என்று கேள்வி வந்ததாம். அந்த வருஷத்தில் அவன் யாரிடமும் கேட்ட முதல் கேள்வி அது. அம்மா அதைப் போனில் சொல்லும்போது அழுதாள். நான் அன்றைக்கே பகடைகளை வரவழைத்தேன். நாலாவது ஆளாக என்னோடு வேலை பார்க்கும் மயிலாப்பூர் சிந்துவைச் சேர்த்துக்கொண்டேன்.

கதை நடத்துபவள் தன் பகடையை ஒரு தடுப்புக்குப் பின்னால் உருட்டுவது இந்த ஆட்டத்தின் வழக்கம். எதிரியின் பலம் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது. நான் மூன்று புடவைப் பெட்டி மூடிகளை டேப் போட்டு ஒட்டி ஒரு திரை செய்தேன். பிறகு எங்கள் வீட்டுக்கென்று நாங்களே சில விதிகள் வைத்துக்கொண்டோம். சார்ட் பேப்பரில் எழுதி ஃப்ரிட்ஜ் பக்கவாட்டில் ஒட்டியிருந்தது. தரையில் விழுந்த பகடை செல்லாது. ஒன்று விழுந்தவர் எழுந்து போய் எல்லோருக்கும் டீ போட வேண்டும். உயிர் போகிற அடி வாங்கிய பாத்திரத்துக்கு ஒரே ஓர் உருட்டல். பத்தும் அதற்கு மேலும் விழுந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் செத்தது செத்ததுதான், திரும்பி வராது. கடைசி விதி நாதனே எழுதியது. திரைக்குப் பின்னால் எது விழுந்ததோ அதைத்தான் சொல்ல வேண்டும், யாருக்காகவும் மாற்றக் கூடாது.

"அப்ப திரையே வேணாமே, திறந்து உருட்டிடறேன்" என்றேன்.

"இல்லக்கா, இருக்கட்டும். நீ சொன்னா நான் நம்பறேன்" என்றான் நாதன்.

நாலு பேரும் கீழே கையெழுத்துப் போட்டோம். என் கையெழுத்துதான் இருப்பதிலேயே பெரிதாக இருக்கும்.

முதல் பொய் நாலாவது ஞாயிறு. அன்று காலை அம்மா போன் செய்து, அவன் தானாக ஷேவ் செய்துகொண்டான் என்று ரகசியமாகச் சொன்னாள். பஸ் பிடித்துத் தனியாக வந்தான். அவன் பாத்திரத்தின் பெயர் வேம்பன். வேலையைவிட்டு ஊர் சுற்றக் கிளம்பிய ஒரு காவல்காரன். சதுப்பு நிலத்தில் பாதி மூழ்கிய ஒரு கோட்டை வாசலில் முதலை ஒன்று வந்தது. லாரன்ஸ் ஏதோ சொல்ல, நாதன் சிரித்தான். வாய்விட்டு, பல் தெரிய. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் முதலைக்காக நான் உருட்டினேன். இருபது. வேம்பனிடம் மிச்சமிருந்த உயிர் அந்த இரட்டை அடியைத் தாங்காது.

எதிரே பார்த்தேன். சிரிப்பின் மிச்சம் இன்னும் முகத்தில் இருந்தது.

"ஆறு" என்றேன். "முதலை உன் காலைத் தவறவிட்டுடுச்சு."

ஒரு தடவை சொல்லிவிட்டால் அப்புறம் நாக்கு பழகிவிடுகிறது. பதினெட்டு விழுந்தால் எட்டு. பத்தொன்பது விழுந்தால் ஒன்பது. இருபது விழுந்தால் வாய்க்கு வந்த ஏதோ ஒன்று. லாரன்ஸுக்கும் சிந்துவுக்கும் விழுந்ததை விழுந்தபடி சொன்னேன். அவர்கள் அடி வாங்கினால் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ஒரு தடவை டீ கொண்டுவந்த லாரன்ஸ் திரைக்கு இந்தப் பக்கம் பார்த்துவிட்டான். பத்தொன்பது கிடந்தது, நான் ஏழு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். டம்ளரை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். கிளம்பும்போது மாடிப்படியில், "பரவால்லக்கா, நல்லாத்தான் போய்க்கினு கீது" என்றான். சிந்துவிடம் நானே சொன்னேன். "நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன்" என்றாள்.

நாதன் தேறினான். இதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிட்டான். சில சனிக்கிழமைகளில் லாரன்ஸின் கடையில் போய் உட்கார்ந்தான். இந்த ஜூலையில் பெருங்குடியில் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் கூடப் போட்டான். நான் என்னவோ பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஞாயிறும் திரையை மடித்து வைக்கும்போது எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். புள்ளியியல் படித்தவனிடம் போய் எண்ணில் விளையாடுகிறோமே என்று ஒரு நாளாவது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. புத்தியை எங்கே அடகு வைத்திருந்தேனோ.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிறு. லாரன்ஸும் சிந்துவும் முன்பே வந்து சமோசாவைப் பிரித்துவிட்டிருந்தார்கள். நாதன் கடைசியாக வந்தான். பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து மேஜை நடுவில் வைத்தான்.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு காட்டணும்" என்றான்.

"இன்னா மச்சி, கிரிக்கெட் ஸ்கோரா?" என்றான் லாரன்ஸ்.

"அக்கா சொன்ன ஒவ்வொரு நம்பரும் இதுல இருக்கு. தேதி, எந்த மிருகம், யார் மேல, என்ன நம்பர். முதல் நாள்லேர்ந்து." பக்கங்களைப் புரட்டினான். கோடு போட்டு, பொடிப் பொடியாக, அழகான கையெழுத்து. "எதுக்கு எழுத ஆரம்பிச்சேன்னா, எல்லாம் சமமா வருதான்னு பார்க்கத்தான். உலகத்துல ஒரு விஷயமாவது ஆள் பார்க்காம நடக்குதுன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்னு தோணிச்சு. ஒரு வருஷமா கூட்டிப் பார்க்கவே இல்லை. நேத்துதான் கூட்டினேன்."

என் கையில் இருந்த சமோசாவைக் கீழே வைத்தேன்.

"லாரன்ஸ் மேல நூத்தித் தொண்ணூறு தடவை உருட்டியிருக்கே. அதுல பதினோரு இருபது. சிந்து மேல நூத்தி எழுபத்தாறு, அதுல ஒன்பது இருபது. சரியா இருக்கு. என் மேல இருநூத்திப் பதினொண்ணு." நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்தான். "ஒரு இருபது கூட இல்லை."

"உனக்கு அதிர்ஷ்டம்டா" என்றேன். சொன்ன குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அப்படி வர ஐம்பதாயிரத்துல ஒரு சான்ஸ் இருக்கு. அதையும் போட்டுப் பார்த்துட்டேன்."

லாரன்ஸ் சமாளிக்கப் பார்த்தான். "உட்றா மச்சி. லக்கு கீது, வாங்கிக்கினு போவியா, அத்தப் போயி நோண்டிக்கினு."

"நீ தெரிஞ்சு பேசறியா, தெரியாம பேசறியா?" என்று கேட்டான் நாதன்.

லாரன்ஸ் கரி படிந்த தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நாதன் சிந்துவின் பக்கம் திரும்பினான். அவள் கண்ணில் நீர் கோத்துவிட்டது. "உன் நல்லதுக்குன்னு நினைச்சுண்டுதாண்டா" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"அப்ப எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது" என்றான் அவன்.

அந்த நேரத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தால் ஏதாவது மிஞ்சியிருக்குமோ என்னவோ. எனக்குத்தான் தப்பு மாட்டிக்கொண்டால் கோபம் வருமே. கத்தினேன்.

"ஆமா, மாத்தினேன். என்னடா பண்ணச் சொல்றே? நீ அறைக்குள்ள செத்துக்கிட்டிருப்பே, நான் இங்க உட்கார்ந்து நியாயமா டைஸ் உருட்டிக்கிட்டிருக்கணுமா? எனக்கு உன் விதியும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ பஸ் ஏறி இங்க வந்தா போதும்."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். ரொம்ப அமைதியாக, "முதல் தடவை எது?" என்று கேட்டான்.

"கோட்டை வாசல். முதலை."

"என்ன விழுந்துச்சு?"

"இருபது."

நோட்டைப் பின்னால் புரட்டி அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தான். போன வருஷம் ஜூன் ஒன்பது, முதலை, ஆறு. ஆறை அடித்துவிட்டு மேலே இருபது என்று எழுதினான். பேனாவை மூடினான்.

"அப்ப வேம்பன் அன்னிக்கே விழுந்துட்டான்" என்றான். "பதினாலு மாசமா அவன் உயிரோட இருக்கான்னு நினைச்சு நான் விளையாடிட்டிருந்தேன். அன்னிக்கு எனக்குன்னு ஒரு உருட்டல் இருந்துச்சுக்கா. பிழைப்பானா மாட்டானான்னு நான்தான் உருட்டியிருக்கணும். அதை நீ எடுத்துக்கிட்டே. அப்பா விஷயத்துல எடுத்துக்கிட்ட மாதிரி."

ஒன்பது நாளும் நான் போனில் பேசிய குரல் எனக்கே காதில் கேட்டது.

அவன் கையை நீட்டித் திரையை மேஜைமேல் மல்லாக்கச் சாய்த்தான். தன் பையிலிருந்து பச்சைப் பகடையை எடுத்தான். "இப்ப உருட்டறேன். எல்லாரும் பாருங்க" என்றான்.

பகடை மேஜையில் உருண்டு, நோட்டின் ஓரத்தில் இடித்து, சுழன்று நின்றது. இருபது.

நாங்கள் யாரும் தொடவில்லை. லாரன்ஸ்தான் முதலில் பேசினான். "டேய், இருபதுடா மச்சி. கண்ணு முன்னாடி வுந்துகீது பாருடா." சிந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள். நான் அப்படியே நாற்காலியில் சரிந்துவிட்டேன். எனக்குச் சாமி நம்பிக்கை பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த ஒரு நிமிஷம், நான் பண்ணிய அத்தனை திருட்டையும் யாரோ மேலிருந்து சரி செய்து கொடுத்துவிட்டார்கள் என்று நிஜமாகவே நினைத்தேன். திறந்த மேஜையில், அவன் கையாலேயே, இருப்பதிலேயே பெரிய எண்.

நாதன் சிரிக்கவில்லை. பகடையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு முகமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது என் பர்த்டேக்கு நீ வாங்கிக் குடுத்ததுதானே" என்றான்.

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"நாதா, அது சாதாரண டைஸ்டா. எல்லாரும் வாங்கற அதே டைஸ். நூறு தடவை உருட்டிப் பாரு. நோட்டுல எழுதிப் பாரு."

"எழுதலாம். சமமா வந்தாலும் நீ எதையோ யோசிச்சு வச்சிருப்பேன்னுதான் தோணும். சமமா வரலேன்னாலும் அதேதான் தோணும்." பகடையை மேஜையில் வைத்தான். "உன் மேல கோவம் இல்லக்கா. எனக்கு இனிமே பார்த்தா எது எதுன்னு தெரியாது, அவ்ளோதான்."

"அதான் இப்ப நீயே உருட்னியேடா" என்றான் லாரன்ஸ், கெஞ்சுகிற குரலில். நாதன் அவன் தோளில் கை வைத்தான், ஆறுதல் சொல்வதுபோல. பிறகு நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். வாசல் வரை போனவன் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்.

"அக்கா, ஐ.சி.யூ.வுல அப்பா சொன்னார்னு சொன்னியே. அவனைக் கூப்பிடாதே, எழுதி முடிச்சிட்டு வரட்டும்னு. அது அவர் சொன்னதா, நீ சொன்னதா?"

இதை நான் விளக்க வேண்டும். ஐ.சி.யூ.வுக்குள் ஒரு நேரத்துக்கு ஓர் ஆளைத்தான் விடுவார்கள். ஆறாம் நாள் சாயங்காலம் நான் மட்டும் உள்ளே இருந்தேன். அப்பா மாஸ்க்கைக் கையால் தள்ளிவிட்டு, "நாதன் எங்கே" என்றார். "வரச் சொல்லட்டுமாப்பா" என்று கேட்டேன். தலையை ஆட்டி, "கூப்பிடாதே. எழுதி முடிச்சிட்டு வரட்டும். நல்லா எழுதறான்" என்றார். நர்ஸ் வந்து மாஸ்க்கைத் திரும்ப மாட்டினாள். அவ்வளவுதான். இதை நான் நாதனிடம் சொன்னது அந்த மார்கழியில், அவன் கையில் ஊசியோடு படுத்திருந்தபோது. அப்பா தன்னைத் தேடித் தவித்துச் செத்தார் என்று அவன் அதுவரை நினைத்திருந்தான். கேட்டுவிட்டு வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவன், பிறகு தண்ணீர் கேட்டான். அன்றுதான் மாத்திரையை வாங்கி விழுங்கினான்.

அது நடந்தது. அட்சரம் பிசகாமல் நடந்தது. என் வாழ்க்கையில் நான் அவனிடம் சொன்ன அத்தனை வார்த்தையிலும் அதை மட்டும் நான் தொடவே இல்லை.

"அப்பா சொன்னதுடா. சத்தியமா அவர்தான் சொன்னார்" என்றேன்.

சற்று முன் பகடையைப் பார்த்தானே, அதே பார்வையாக என்னைப் பார்த்தான்.

"சரிக்கா" என்றான். படி இறங்கிப் போனான்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. பெருங்குடிக் கம்பெனியில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்களாம், போனை எடுக்கவில்லை. லாரன்ஸ் இரண்டு தடவை போய்க் கதவைத் தட்டினான். "ஏதாவது பேசுனா திட்டுனாக்கூட தேவலக்கா. ‘சரி மச்சி, சரி மச்சி’ன்றான். அத்த கேட்டா வயிறு எரியுது" என்று போனில் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினான். டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். அவன் சாப்பிடுகிறானா துப்புகிறானா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது ஞாயிறு மத்தியானம் நானே மாம்பலம் போனேன். அறைக் கதவு சாத்தியிருந்தது. தாழ் போடவில்லை, தாழ்ப்பாளை அந்த மார்கழியிலேயே கழற்றிவிட்டோம். தள்ளித் திறந்து உள்ளே போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அப்பா மாஸ்க்கைத் தள்ளியதிலிருந்து நர்ஸ் திரும்ப மாட்டியது வரை எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். நர்ஸின் கையில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றைக்கூடச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பயமாக இருந்தது. விவரம் கூடக் கூட, நன்றாக யோசித்துக் கட்டிய பொய்யைப்போலவே என் காதில் விழுந்தது. நடுவில் நிறுத்திவிட்டேன்.

"சரிக்கா" என்றான், திரும்பாமல்.

அவன் கால்மேல் கை வைத்தேன். இழுத்துக்கொள்ளவில்லை. எலும்பாக இருந்தது. எழுந்து வெளியே வந்தேன்.

அம்மா சமையலறையில் அவன் தொடாத தட்டிலிருந்த சாதத்தைப் பாத்திரத்தில் திரும்பக் கொட்டிக்கொண்டிருந்தாள். அம்மா திருநெல்வேலிப் பக்கம். சென்னைக்கு வந்து முப்பது வருஷமாகியும் அந்தப் பேச்சு போகவில்லை. கதவு வழியாக எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது.

"ஏட்டி, ஒண்ணு கேக்கேன். கோவப்படாம பதில் சொல்லு" என்றாள்.

"கேளும்மா."

"அன்னைக்கு அவுக நெசமாவே அப்படிச் சொன்னாகளா? இல்ல, பிள்ள மனசு ஆறட்டும்னு நீயாச் சொன்னதா?"

மூன்று வருஷமாக அவளும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடினாள். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களிடமெல்லாம், கடைசி வரைக்கும் பிள்ளை படிப்பைத்தான் நினைத்தார் என்று சொல்லிச் சொல்லி ஆறிக்கொண்டிருந்தாள்.

"சொன்னாரும்மா" என்றேன். "அப்பாவே சொன்னார்."

அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு அறைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"சரிட்டி. நான் அவன்ட்ட சொல்ல மாட்டேன்."